இறங்க முடியாதவர்களின் சிரிப்பு

1966-இல் வெளிவந்த ‘மதராஸ் டு பாண்டிச்சேரி’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் நினைவுகூரப்படும்: கண்டக்டராக வந்து படத்தைத் தோளில் சுமந்த நாகேஷ், பக்கோடா கேட்டு ஓயாமல் அழுத சிறுவன், பிறகு இந்தியில் வந்த ‘பம்பாய் டு கோவா’. அந்தச் சிறுவன் கடைசிவரை பக்கோடா காதர் என்றே அழைக்கப்பட்டார் என்பதே படம் மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் இந்த நினைவுகளோடு நின்றுவிடுவதால் படம் செய்து காட்டிய முக்கியமான காரியம் கவனிக்கப்படாமல் போகிறது. பயண நகைச்சுவை என்ற ஒரு சினிமா வடிவத்துக்கு இது தமிழ்நாட்டுக்கே உரிய உருவத்தைக் கொடுத்தது. மேல்நாட்டுப் பயணப் படங்களில் சொந்தக் காரும் திறந்த சாலையும் ஓட்டுபவரின் சுதந்திரமும் முன்னால் நிற்கும். இங்கே ஒரு பேருந்து, டிக்கெட் வாங்கியவர்கள், அவரவர் ஊர் வரும்வரை இறங்க வழியில்லாத நிலை. தாமாகத் தேர்ந்துகொள்ளாத மனிதர்களோடு சில மணி நேரம் அடைபட்டுக் கிடப்பதுதான் இந்த வடிவத்தின் உயிர் என்பது என் வாதம். தமிழ்ப் படங்கள் மட்டுமல்ல, மிகவும் பிரிட்டிஷ்தனமானது என்று கொண்டாடப்படும் ஒரு பயணப் படமும் இதையே சொல்கிறது.

திருமலை – மகாலிங்கம் இரட்டையர் இயக்கிய இந்தப் படத்தின் கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். சினிமா ஆசையில் வீட்டை விட்டு வெளியேறும் பெண் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். கொலைகாரர்களிடமிருந்து தப்பிக்க அவள் பாண்டிச்சேரி செல்லும் பேருந்தில் ஏறுகிறாள். அவளைக் காப்பாற்றப் போகிறவனும் அதே பேருந்தில் வருகிறான். கல்பனாவும் ரவிச்சந்திரனும் நடித்த இந்தக் காதல், கொலை, துரத்தல் எல்லாம் அன்றைய பல படங்களில் இருந்தவைதான். புதுமை எங்கே என்றால், இவை அனைத்தையும் ஒரு பேருந்தின் இரு வரிசை இருக்கைகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்ததில் இருக்கிறது. அங்கே நாயகனைவிடக் கண்டக்டருக்கு அதிகாரம் அதிகம். யார் எங்கே உட்கார வேண்டும், எந்த மூட்டை மேலே போக வேண்டும், சில்லறைத் தகராறில் யார் பக்கம் நியாயம், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் வண்டி நிற்கும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். நாகேஷின் உடல்மொழிக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமைந்திருக்க முடியாது. ஒல்லியான அந்த உடம்பு நெரிசலுக்குள் புகுந்து புறப்பட வேண்டும். ஒருவரிடம் பேசிக்கொண்டே இன்னொருவரைக் கவனிக்க வேண்டும். அவருடைய நகைச்சுவையின் வேகமும் ஒரு கண்டக்டருடைய வேலையின் வேகமும் ஒன்றாகவே இருந்தன.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய பேருந்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பாண்டியன், பல்லவன், சேரன் போன்ற அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 1972-இல்தான் உருவாயின. அதற்கு முன் தமிழ்நாட்டுச் சாலைகளில் தனியார் பேருந்துகளே பெரும்பாலும் ஓடின. மதுரைப் பக்கத்தில் டி.வி.எஸ். வண்டிகளின் நேரந்தவறாமை பற்றி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். வீட்டுக்கு ஒரு கார் என்பது கற்பனைக்கும் எட்டாத காலம் அது. வெளியூர் போவதென்றால் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போவது என்றே பொருள். சாதியும் வசதியும் பார்த்து ஊருக்குள் தள்ளி வைக்கப்பட்டவர்கள்கூட ஒரே பெஞ்சில் தோளுரச உட்கார நேர்ந்த இடம் பேருந்தும் சினிமாக் கொட்டகையும்தான். அப்படிப் பார்த்தால், சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பேருந்தைப் பார்த்த 1966-ஆம் ஆண்டு ரசிகர், தான் இருக்கும் நிலையையே திரையில் பார்த்துச் சிரித்தார்.

போய்ச் சேரும் ஊரிலும் ஒரு பொருள் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954-இல் இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் சட்டப்படி இணைந்து, மறு ஆண்டு யூனியன் பிரதேசமான பாண்டிச்சேரி, சென்னைவாசிக்கு அரை அயல்நாடாகவே இருந்தது. சென்னை மாநிலத்தில் அப்போது மதுவிலக்கு. 1971-இல்தான் அது தளர்ந்தது. பாண்டிச்சேரியில் அந்தத் தடை இல்லை. ஆகவே அந்த ஊர்ப் பெயரைத் தலைப்பில் பார்த்ததுமே பார்வையாளரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். இங்கே ஒரு ஆட்சேபம் எழும். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குத் திண்டிவனம் வழியாகப் போனாலும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான். காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். இதையெல்லாம் பயணப் படம் என்று சொல்லலாமா? பாலைவனமும் மாநில எல்லைகளும் நாட்கணக்கான அலைச்சலும் வேண்டாமா? நியாயமான கேள்விதான். இதற்கான பதிலைக் கடல் கடந்து தேடிப் போனால் சுவாரசியமான ஒன்று கிடைக்கிறது.

பிரிட்டிஷ் பயண நகைச்சுவைகளில் தலைமகன் என்று சொல்லத்தக்க ‘ஜெனிவீவ்’, 1953-இல் வந்தது. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை ஊருக்குப் பழங்கால கார்கள் ஆண்டுதோறும் அணிவகுத்துச் செல்லும் விழாதான் அதன் களம். மொத்த தூரம் 90 கிலோமீட்டருக்கும் குறைவு. நம் பாண்டிச்சேரிப் பயணத்தில் பாதியைச் சற்றே தாண்டும். 1904-ஆம் ஆண்டு டராக் கார் ஒன்றை உயிராக நேசிக்கும் ஆலன், அந்தக் காரின் மீதான பைத்தியத்தைச் சகித்துக்கொள்ளும் அவன் மனைவி வெண்டி, ஸ்பைக்கர் கார் வைத்திருக்கும் நண்பன் ஆம்ப்ரோஸ், அவனுடைய தோழி ரோசலின்ட் ஆகிய நால்வரும்தான் கதை. போகும் வழியில் கோளாறு, திரும்பும் வழியில் நூறு பவுண்டு பந்தயம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதலில் தொடுபவர் வென்றவர். கடைசியில் டராக் நின்றுவிடுகிறது. முந்தப் போன ஸ்பைக்கரின் சக்கரங்கள் டிராம் தண்டவாளத்தில் சிக்கி வண்டி வேறு திசையில் போய்விடுகிறது. அந்த நேரத்தில் பிரேக் நழுவி டராக் தானாகவே உருண்டு பாலத்தைத் தொட்டுவிடுகிறது. லண்டனில் டிராம் ஓட்டம் 1952 ஜூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. தண்டவாளங்கள் மட்டும் சாலையில் மிச்சமிருந்த அந்தக் குறுகிய காலத்தில் எடுக்கப்பட்டதால்தான் இந்த முடிவே சாத்தியமானது.

அந்தப் படம் உருவான விதத்தை விரிவாகவே பார்க்கலாம். ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவையை ஈலிங் ஸ்டுடியோவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கிருந்து விலகியிருந்த ஹென்றி கார்னீலியஸ், இந்தக் கதையோடு மறுபடி ஈலிங்கை அணுகினார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ராங்க் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். பணம் ஏராளமாக இல்லை. இலையுதிர் காலத்தில் தொடங்கிய படப்பிடிப்பு குளிர்காலத்துக்குள் நீண்டது. மூடியில்லாத கார்களில் நடிகர்கள் நடுங்கிக்கொண்டே சிரிக்க வேண்டியிருந்தது. ஆலனாக நடித்த ஜான் கிரெக்ஸனுக்குக் கார் ஓட்டவே தெரியாது, படத்துக்காகக் கற்றுக்கொண்டார். திரையில் லண்டன் – பிரைட்டன் சாலையாகத் தெரிவதில் பெரும்பகுதி உண்மையில் பைன்வுட் ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த கிராமச் சாலைகள். ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் சாலிஸ் படமெடுத்தது டெக்னிகலர் வண்ணத்தில். அன்று அதற்கான கேமராவோ மிகவும் கனமானது. அதைத் தூக்கிக்கொண்டு குறுகலான சாலைகளில் ஓடும் காரைத் தொடர்வது எளிதான வேலை அல்ல. அதாவது, தூரம் என்பது படத்தொகுப்பு மேசையில் உண்டாக்கப்பட்டது. நால்வரும் இரு கார்களில் நெருக்கமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைப்பதும் சமாதானமாவதும்தான் நிஜமாக எடுக்கப்பட்டது.

ஆனால் அது சொந்தக் கார், தாமே தேர்ந்துகொண்ட துணை. உங்கள் வாதம் அங்கே பொருந்தவில்லையே என்று கேட்கலாம். படத்தின் மிக அழகான காட்சி இதற்கு விடை சொல்கிறது. பந்தயத்தில் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளதாகிவிட்ட நேரத்தில் ஒரு முதியவர் ஆலனை நிறுத்துகிறார். இளமையில் இதே போன்ற கார் தன்னிடம் இருந்ததைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஆலன் துடித்தாலும் அவரை உதறிவிட்டுப் போக முடியவில்லை. நின்று கேட்கிறான். தோற்றாலும் பரவாயில்லை என்று அந்தக் கிழவருக்குக் காதுகொடுக்கும் கணவனைப் பார்த்துத்தான் வெண்டியின் மனம் அவன்பால் திரும்புகிறது. கார்ப் பந்தயத்தைப் பற்றிய படத்தின் உச்சம், முன்பின் அறியாத ஒருவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதில் இருக்கிறது. வசதியுள்ள நாட்டின் சினிமா நடுவழியில் ஒரு முதியவரை நிறுத்தி இதைச் சாதிக்க வேண்டியிருந்தது. நம்மூர்ப் பேருந்திலோ அந்த முதியவர் முதல் நிறுத்தத்திலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

பேருந்தைப் படமாக்குவது காரைப் படமாக்குவதைவிடக் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்டுடியோவுக்குள் வண்டியின் கூடு ஒன்றை நிறுத்தி, சன்னலுக்கு வெளியே திரையில் முன்பே எடுத்த சாலைக் காட்சியை ஓடவிட்டு, ஆட்கள் கூட்டைக் குலுக்க, நடிகர்களை நடிக்க வைப்பது. இன்னொன்று, நிஜ வண்டியையே சாலையில் ஓட்டி, கிடைத்த இண்டு இடுக்கில் கேமராவை வைப்பது. முதல் வழியில் வெளிச்சமும் வசனமும் தெளிவாக இருக்கும். காற்றும் புழுதியும் இருக்காது. இரண்டாவதில் உயிர் இருக்கும்; ஒவ்வொரு வளைவிலும் வெயில் திசை மாறி, முந்தைய ஷாட்டோடு ஒட்டாது. காரில் நான்கு முகங்களைச் சமாளித்தால் போதும். பேருந்தில் ஒருவர் பேசும்போது பின்னால் இருக்கும் இருபது பேரும் அந்தந்த நேரத்துக்கு உரியபடி தூங்கவோ எரிச்சல்படவோ எட்டிப் பார்க்கவோ வேண்டும். துணைநடிகர்களை வெறும் கூட்டமாக நிரப்பினால் படம் படுத்துவிடும். நகைச்சுவை நடிகர்களுக்குப் பஞ்சமில்லாத, நாடக மேடையில் பழகிய ஆட்கள் நிறைந்த அன்றைய சென்னைக்கு அந்தப் பலம் இயல்பாகவே இருந்தது. ஒரு வரி வசனம் மட்டும் கிடைத்தாலும் அதை மறக்க முடியாதபடி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

இந்த உருவம் வேறு மண்ணிலும் வேர் பிடிக்கும் என்பதற்கு 1972-இல் வந்த ‘பம்பாய் டு கோவா’ சான்று. எஸ். ராமநாதன் இயக்கத்தில், மெஹ்மூத் கண்டக்டராக வர, ‘ஜஞ்ஜீர்’ படத்துக்கு முன் வெற்றிக்காகத் தவித்துக்கொண்டிருந்த அமிதாப் பச்சன் நாயகனாக நடித்தார். பக்கோடா கேட்கும் பையனும் கூடவே போனான். பல மாநிலத்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றியதால் தமிழ்ப் பேருந்து இந்தியப் பேருந்தாக விரிந்தது. பிறகு மராத்தியிலும் கன்னடத்திலும் இதே கதை எடுக்கப்பட்டது. வடக்கிலிருந்து கதை வாங்கியே பிழைத்தோம் என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளும் பேச்சுக்கு இந்த ஒரு பேருந்து போதுமான மறுப்பு.

சரி, ‘அன்பே சிவம்’ எதிர்த்திசையில் வந்ததுதானே என்பார்கள். 1987-இல் ஜான் ஹியூஸ் எடுத்த அமெரிக்கப் படம் ‘பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’. அதில் விளம்பரத் துறைக்காரன் ஒருவன், தொணதொணக்கும் விற்பனையாளர் ஒருவரோடு வீடு போய்ச் சேரத் தவிக்கிறான். 2003 பொங்கலுக்கு வந்த தமிழ்ப் படத்தில் விளம்பரப் படம் எடுக்கும் அன்பரசு, முகத்தில் தழும்போடு நடமாடும் தொழிற்சங்கவாதி நல்லசிவத்தோடு மழையால் முடங்கிய புவனேஸ்வரத்திலிருந்து சென்னை வர வேண்டியிருக்கிறது. சட்டகம் ஒன்றுதான், மறைப்பதற்கில்லை. ஆனால் கடன் வாங்கியது என்பதாலேயே ஒரு படம் நம்முடையது ஆகாமல் போய்விடாது. ‘ஜெனிவீவ்’ படத்தையே பாருங்கள். பிரிட்டிஷ் வாழ்வின் சாரம் என்று கொண்டாடப்பட்டு, அவ்வாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான விருதையும் பெற்ற அதை இயக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர். ஹார்மோனிகாவில் இசைத்த லாரி ஆட்லரும் அமெரிக்கர். இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டதால் அமெரிக்கப் பிரதிகளில் அவர் பெயர் நீக்கப்பட்டு, ஆஸ்கர் பரிந்துரை வேறொருவர் பெயருக்குப் போய், 1986-இல்தான் திருத்தப்பட்டது. ஆட்கள் எங்கிருந்து வந்தாலும் அந்தச் சாலையும் அந்த மனிதர்களும் இங்கிலாந்தின் சொந்தம் ஆனார்கள்.

அதே அளவுகோலை ‘அன்பே சிவம்’ படத்துக்கும் வைத்துப் பார்த்தால், கமல்ஹாசனின் திரைக்கதையும் மதனின் வசனமும் செய்த மாற்றம் தெரியும். அமெரிக்கப் படத்தில் இருவருக்கும் இடையே இருப்பது குணபேதம். தமிழில் அது கொள்கைச் சண்டை. அன்றைய உலகமயமாதலின் நம்பிக்கையில் மிதக்கும் இளைஞனும், ஆலை முதலாளியை எதிர்த்துத் தெருவில் நாடகம் போட்டவனும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வருகிறார்கள். 1989-இல் தெருநாடகம் நடத்தும்போது தாக்கப்பட்டு இறந்த சஃப்தர் ஹாஷ்மியின் நிழல் நல்லசிவம் மேல் விழுகிறது. பையைப் பறிகொடுத்த அன்பரசின் கடன் அட்டை சிற்றூரில் செல்லாக் காசாகும்போது எழும் சிரிப்பு, ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவன் கண்ணெதிரே இறக்கும்போது தொண்டையில் அடைக்கிறது. பக்கத்து இருக்கைக்காரனை இவ்வளவு தூரம் கூட்டிவந்த பிறகுதான் அந்த அழுகைக்கு உரிமை கிடைக்கிறது. வணிக நகைச்சுவையில் தேர்ந்த சுந்தர் சி. இயக்கியதால் படம் பிரசங்கமாகாமல் தப்பியது என்பது என் எண்ணம்.

திரையரங்கில் அது தோற்றதே, தமிழ் ரசிகருக்குப் பயணப் படம் ஒத்துவராது என்பதற்கு அதுதானே அத்தாட்சி என்று விநியோகஸ்தர்கள் சொல்வதுண்டு. ‘மதராஸ் டு பாண்டிச்சேரி’ ஓடியதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தவிர, ‘அன்பே சிவம்’ தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு இன்று அடைந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், ரசிகர் அதை நிராகரித்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. 2010-இல் ‘பையா’ வெற்றி பெற்றது. ஆனால் அங்கே நாயகனும் நாயகியும் ஒரு காருக்குள் தனித்திருந்தார்கள், மூன்றாம் மனிதர் இல்லை. காதலும் சண்டையும் கிடைத்தன. என் வாதத்துக்கு உரிய நகைச்சுவைக்கு அதில் இடமில்லை. மறுபுறம், லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’, வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாள நாடகக் குழுவின் பேருந்தைத் தமிழ்நாட்டு வயல்வெளியில் நிறுத்தியது. தூங்கியெழுந்த மம்மூட்டி இறங்கி நடந்து ஒரு தமிழ்க் குடும்பத்து ஆளாகவே ஆகிவிடுகிறார். வண்டிக்குள் காத்திருப்பவர்களின் சலிப்பும் சண்டையும் புலம்பலும், பின்னணியில் ஒலிக்கும் பழைய தமிழ்ப் பாடல்களும் சேர்ந்து உண்டாக்கும் சிரிப்பு, 1966-இன் பேருந்துக்கு நெருங்கிய உறவு.

இப்போது எல்லோரிடமும் பைக்கும் காரும் வந்துவிட்டன, பேருந்தில் ஏறினாலும் அவரவர் கைப்பேசிக்குள் மூழ்கிவிடுகிறார்கள், இனி இந்த வடிவம் செல்லாது என்பது கடைசி ஆட்சேபம். இதில் பாதி உண்மை. மீதியை மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் சாலை மறுக்கிறது. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நிற்கும்போது ஆண்டாள் கோயில் பிரசாதத்தோடும் பால்கோவாப் பெட்டியோடும் ஏறுகிறார்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் முடிந்தவர்கள் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியும் தளவாய்புரத்தின் நைட்டி மூட்டையும் யாருடைய காலுக்கடியிலாவது இடம் தேடுகின்றன. சோழபுரத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து திரும்புகிறார்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டினால் புளியங்குடி எலுமிச்சை மூட்டைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்ற விவாதம். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் கூட்டம். கார்த்திகையில் இருமுடியோடு மலைக்குப் போகிறவர்கள். எத்தனை கைப்பேசி இருந்தாலும் மூட்டைக்கு இடம் விடுவது யார், சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை ஆட்கள் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. கேமராக்கள் இன்று கைக்குள் அடங்குகின்றன. கிறிஸ்டோபர் சாலிஸ் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் படத் தேவையில்லை. ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்து, இந்தப் பக்கத்து மேடைக் கலைஞர்கள் இருபது பேரை உட்கார வைத்து, மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கம் கூடவே வரும் இந்தச் சாலையில் படம் எடுக்க இங்கிருந்தே ஓர் இயக்குநர் கிளம்பலாம். முதலில் அவர் தேட வேண்டியது நல்ல கண்டக்டர் ஒருவரை.